வலி மாத்திரை அலர்ஜிக்கு ரத்தப் பரிசோதனை: எதை எடுப்பது, எப்போது எடுப்பது, எதை விடுவது

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது கவுண்டருக்கு வந்து, "வலி மாத்திரை போட்டா உதடு வீங்குதுங்க, அலர்ஜி டெஸ்ட் எடுக்கணும்" என்று கேட்பார்கள். போன வருஷம் ஓர் அம்மா, வேறோர் இடத்தில் ஏற்கெனவே எடுத்த ரிப்போர்ட்டோடு வந்தார். மருந்து அலர்ஜி பேனல், பல ஆயிரம் ரூபாய் கட்டி எடுத்தது. டைக்ளோஃபெனாக் நெகட்டிவ், ஐபுப்ரோஃபென் நெகட்டிவ், ஆஸ்பிரின் நெகட்டிவ். "அப்ப மூட்டு வலிக்குப் பழையபடி அதே மாத்திரையைப் போட்டுக்கலாம்தானே?" என்று கேட்டார். அந்த மாத்திரையால் இரண்டு முறை முகம் வீங்கியவர் அவர். இரண்டாம் முறை மூச்சு இழுத்து, ராத்திரியில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்.

போடவே கூடாது என்று சொல்லி, ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் அனுப்பினேன். அந்தத் தாளில் இருந்த எண்களில் பிழை இருந்திருக்காது. அவருக்கு நடந்த விஷயத்தை அந்தப் பரிசோதனையால் பார்க்கவே முடியாது, அதுதான் சிக்கல். வலி மாத்திரை விஷயத்தில் ரத்தம் சொல்வது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் சரியான நேரத்தில் கேட்டால்தான் சொல்லும். முதல் தடவையாக இதில் மாட்டிக்கொண்டவர்களுக்காக, என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், ஏன் ரத்தத்தில் தெரிவதில்லை?

பென்சிலின் அலர்ஜி, வேர்க்கடலை அலர்ஜி போன்றவற்றில் உடம்பு அந்தப் பொருளை எதிரி என்று குறித்துவைத்து, அதற்கென்றே ஐஜிஇ என்ற எதிர்ப்புரதத்தை உண்டாக்குகிறது. அது ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருப்பதால் தேடிப் பிடித்து அளக்கலாம்.

வலி மாத்திரைகளில் பெரும்பாலோருக்கு நடப்பது வேறு. ஆஸ்பிரினும் அதன் உறவுக்கார மருந்துகளும் காக்ஸ் என்ற நொதியைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன. பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் வேன் 1971-இல் கண்டுபிடித்தது இதைத்தான், 1982-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இந்த நொதி தடைபட்டால், வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளின் உற்பத்தி குறைகிறது. சிலருடைய உடம்பில் அதோடு நிற்பதில்லை. ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் பக்கத்து வாய்க்காலில் பாய்கிற மாதிரி, லூக்கோட்ரீன் என்ற பொருள் பெருகுகிறது. அது மூச்சுக்குழாயைச் சுருக்கும், மூக்கை அடைக்கும், கண் இமையையும் உதட்டையும் வீங்க வைக்கும். எதிர்ப்புரதம் இதில் எங்கேயும் வரவில்லை. இல்லாத ஒன்றைத் தேடினால் நெகட்டிவ் என்றுதான் வரும்.

இதனால்தான் இந்த வகைக்காரர்களுக்கு ஒரு மாத்திரை மட்டும் ஆகாமல் போவதில்லை. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபனாமிக் அமிலம், கீட்டோரோலாக் எல்லாம் அதே நொதியைத்தான் அடைக்கின்றன. வேதி அமைப்பு வேறு வேறு என்றாலும் தொல்லை ஒன்றே.

இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்களுக்கு ஒரே ஒரு மருந்தோ அதன் நெருங்கிய சொந்தமோ மட்டும்தான் ஆகாது, மற்றதெல்லாம் ஒத்துக்கொள்ளும். இங்கே உண்மையான அலர்ஜி இருக்கலாம். சாரிடானில் இருக்கும் புரோபிஃபெனசோனும், பழைய அனால்ஜினும் இதற்குப் பேர்போனவை. இவற்றுக்கு எதிரான ஐஜிஇ சிலரிடம் கண்டறியப்பட்டிருக்கிறது. டைக்ளோஃபெனாக் மட்டும் ஆகாதவர்களிடமோ, தேடினாலும் அது பெரும்பாலும் அகப்படுவதில்லை. நீங்கள் எந்தக் கூட்டம் என்பதுதான் முழு விவகாரத்திலும் முக்கியமான கேள்வி. இனிமேல் எல்லா வலி மாத்திரையையும் விட வேண்டுமா, ஒன்றை மட்டும் விட்டால் போதுமா என்பது அதை வைத்துத்தான் முடிவாகும்.

நடந்துகொண்டிருக்கும்போது: உயிர் முதலில், அப்புறம் ஒரு குழாய் ரத்தம்

மாத்திரையோ ஊசியோ போட்ட சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் தடிப்பு, வீக்கம் வந்து, கூடவே மூச்சுத் திணறல், குரல் கம்முதல், தலைசுற்றி மயக்கம் வருவது போன்றவை சேர்ந்தால் அது அனாஃபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான அலர்ஜி. அந்த நேரத்தில் பரிசோதனையைப் பற்றி யோசிக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே தொடையில் போட வேண்டியது அட்ரினலின் ஊசி. அவில் என்ற அலர்ஜி ஊசியும் டெக்கா (டெக்ஸாமெத்தசோன்) என்ற ஸ்டீராய்டு ஊசியும் துணைக்கு வரலாம், அட்ரினலினுக்குப் பதிலாக வரக்கூடாது.

ஆள் ஓரளவு தேறியதும் கூட வந்தவர் செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. டியூட்டி டாக்டரிடம், "டிரிப்டேஸ் பார்க்க ஒரு குழாய் ரத்தம் எடுத்து வைக்க முடியுமா?" என்று கேளுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த வாய்ப்பு சில மணி நேரத்தில் போய்விடும், திரும்பக் கிடைக்காது.

டிரிப்டேஸ் என்பது, அலர்ஜியைக் கிளப்பும் மாஸ்ட் செல்களுக்குள் அடைந்து கிடக்கும் ஒரு புரதம். பெரிய அலர்ஜி நடக்கும்போது அந்தச் செல்கள் உடைந்து கொட்டுவதில் இதுவும் ரத்தத்துக்கு வருகிறது. தொல்லை ஆரம்பித்து ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். அதன் பிறகு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். அதனால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் எடுப்பது நல்லது. நான்கு மணி நேரம் வரை எடுத்துப் பார்க்கலாம். மறுநாள் காலையில் எடுத்தால் உச்சம் தப்பிப் போயிருக்கும்.

எடுப்பது சாதாரண சீரம் குழாய்தான், சிவப்பு அல்லது மஞ்சள் மூடி போட்டது. வெறும் வயிறு தேவையில்லை. அட்ரினலினோ அவிலோ போட்டுவிட்டார்களே என்று தயங்கவும் வேண்டாம், இந்த அளவை அவை கெடுக்காது. சின்ன ஊர்களில் இந்தப் பரிசோதனை அங்கேயே நடக்காது, பெரிய லேபுக்கு அனுப்புவார்கள். சீரத்தைப் பிரித்துக் குளிரில் வைத்தால் சில நாள் தாங்கும் என்பதால், ராத்திரி நேரமாக இருந்தாலும் எடுத்து வைக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: படிவத்தில் தொல்லை ஆரம்பித்த மணியையும், ரத்தம் எடுத்த மணியையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். மணி இல்லாத டிரிப்டேஸ் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு எந்த டாக்டராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

இதோடு முடியவில்லை. எல்லாம் அடங்கி குறைந்தது 24 மணி நேரம் கழித்து இரண்டாவது குழாய் எடுக்க வேண்டும். அதுதான் உங்களுடைய வழக்கமான அளவு. அது தெரியாமல் முதல் எண்ணுக்கு அர்த்தம் இல்லை. கணக்கு இப்படி: வழக்கமான அளவை 1.2-ஆல் பெருக்கி, 2-ஐக் கூட்டுங்கள். தொல்லையின்போது எடுத்த அளவு அதற்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் மாஸ்ட் செல்கள் உடைந்திருக்கின்றன என்று கொள்ளலாம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவருடைய வழக்கமான அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம். 4-ஐ 1.2-ஆல் பெருக்கினால் 4.8, கூட 2 சேர்த்தால் 6.8. ஆஸ்பத்திரியில் எடுத்தபோது அவருக்கு 9 இருந்தது என்று வையுங்கள். பல லேப்களில் 11.4 வரை நார்மல் என்று அச்சடித்திருப்பார்கள். தாளை மட்டும் பார்ப்பவர் "நார்மல்தான், அலர்ஜி இல்லை" என்று சொல்லிவிடுவார். கணக்குப்படி 9 என்பது 6.8-ஐத் தாண்டிவிட்டது, அதாவது அது உண்மையான ஏற்றம். இரண்டாவது குழாய்க்குப் பலரும் வருவதே இல்லை. வாருங்கள். நல்லாகிவிட்டதே, இன்னொரு தடவை எதற்குக் குத்திக்கொள்ள வேண்டும் என்று நினைப்பது இயல்புதான். ஆனாலும் முதல் குழாய்க்குக் கொடுத்த காசு அந்த இரண்டாவது குழாயில்தான் பலன் தரும்.

இரண்டாவது குழாய்க்கு இன்னொரு பயனும் உண்டு. ஒன்றும் நடக்காத நாளிலேயே டிரிப்டேஸ் உயர்ந்திருந்தால், குறிப்பாக 20-க்கு மேல் போனால், மாஸ்ட் செல்களே அளவுக்கு மீறி இருக்கும் நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு வலி மாத்திரையோ குளவிக் கொட்டோ ஆபத்தாகும் வாய்ப்பு கூடுதல்.

டிரிப்டேஸ் ஏறவில்லை என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தமா? இல்லை. வெறும் உதட்டு வீக்கம், ஆஸ்துமா மட்டும் வந்தவர்களுக்கு அது ஏறாமலே இருக்கலாம். ஏறினாலும் எந்த மருந்தால் என்று அது சொல்லாது. மாஸ்ட் செல் உடைந்தது என்ற ஒரு செய்தி மட்டும்தான் அதில் இருக்கிறது.

அன்றைக்கே எழுத வேண்டியது

எந்த மருந்தால் என்பதைச் சொல்வது உங்கள் குறிப்பு. மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். நம் ஊரில் வலி மாத்திரைகள் பெரும்பாலும் கூட்டு மருந்துகள். காம்பிஃபிளாமில் ஐபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் இருக்கின்றன. சாரிடானில் புரோபிஃபெனசோன், பாராசிட்டமால், காஃபீன் என்று மூன்று. "தலைவலி மாத்திரை போட்டேன்" என்று மட்டும் சொன்னால் டாக்டர் எதைச் சந்தேகிப்பார்? மருந்துக்கடையில் அட்டையை வெட்டி இரண்டு மாத்திரை வாங்கியிருந்தால் பெயர் இருக்கும் பக்கம் போயிருக்கும், உடனே கடைக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

போட்டது எத்தனை மணிக்கு, முதல் அரிப்பு எத்தனை மணிக்கு, கூட வேறு என்ன மாத்திரை, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், வேலையோ ஓட்டமோ உண்டா, காய்ச்சல் இருந்ததா, இவையும் வேண்டும். சிலருக்கு கோதுமை உணவு, உடற்பயிற்சி, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால்தான் அலர்ஜியே கிளம்பும். அவர்களுடைய உண்மையான எதிரி கோதுமை, அதற்கு ஐஜிஇ ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது. குறிப்பு இல்லாவிட்டால் அந்தப் பக்கம் யாரும் யோசிக்கவே மாட்டார்கள்.

பழைய கதையையும் சேர்த்து எழுதுங்கள். இதற்கு முன் எந்தெந்த வலி மாத்திரை ஒத்துக்கொண்டது, ஆஸ்துமா உண்டா, மூக்கில் சதை வளர்ந்திருக்கிறதா, வாசனை தெரியாமல் போய்விட்டதா. ஆஸ்துமா, மூக்குச் சதை, ஆஸ்பிரின் ஆகாமை மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதை வைடால் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1922-இலேயே எழுதினார். இது இருந்தால், முதலில் சொன்ன லூக்கோட்ரீன் கூட்டம் என்பது கிட்டத்தட்டத் தெளிவு.

தடிப்பு சில நாள் கழித்து வந்தால்

இது வேறு பாதை, டிரிப்டேஸ் இங்கே உதவாது. காய்ச்சலுக்கு மாத்திரை போட்டு, மூன்றாம் நாள் உடம்பெல்லாம் சிவந்தால், நம் ஊரில் முதலில் டெங்குவை நினைக்க வேண்டும். டெங்கு தடிப்பில் சிவப்புக்கு நடுவே சின்னச் சின்ன வெள்ளைத் திட்டுகள் தெரியும். காய்ச்சலின் முதல் ஐந்து நாளுக்குள் என்எஸ்1 என்ற டெங்கு ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகு டெங்கு ஐஜிஎம் பரிசோதனை, கூடவே தட்டணுக்கள் எண்ணிக்கை. வைரஸ் தடிப்பை மாத்திரை அலர்ஜி என்று எழுதிக்கொண்டு வாழ்நாள் முழுக்க ஒரு நல்ல மருந்தை ஒதுக்கிவைத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். டெங்கு சந்தேகம் தீரும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையோ டைக்ளோஃபெனாக் ஊசியோ வேண்டாம், ரத்தக்கசிவு கூடும்.

தடிப்போடு காய்ச்சலும் முக வீக்கமும் நெறிகட்டலும் சேர்ந்தால் விஷயம் பெரிது. மருந்தைத் தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரத்தில் வரும் டிரெஸ் என்ற நோய் இப்படித்தான் ஆரம்பிக்கும், உள்ளுறுப்புகளையும் தாக்கும். மாதவிடாய் வலிக்கு நம் வீடுகளில் சாதாரணமாகப் போடும் மெஃபனாமிக் அமிலத்தால் இது வரலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பர் இறுதியில் எச்சரிக்கை விடுத்தது. அதற்காக அந்த மாத்திரை போடும் எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை. தடிப்பும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

இங்கே எடுக்கும் ரத்தப் பரிசோதனைகள் எந்தச் சின்ன லேபிலும் நடக்கும், விலையும் குறைவு: ஊதா மூடிக் குழாயில் முழு ரத்த எண்ணிக்கை, கல்லீரல் நொதிகள், கிரியாட்டினின், கூடவே சிறுநீர். ஈசினோஃபில் என்ற வெள்ளையணுவைச் சதவீதமாக மட்டும் பார்க்காமல் மொத்த எண்ணிக்கையாகவும் கேட்டு வாங்குங்கள். ஒரு மைக்ரோலிட்டருக்கு 500 வரை சாதாரணம். 700-க்கு மேல் போய், கல்லீரல் நொதிகளும் ஏறியிருந்தால் டாக்டர் டிரெஸ் பக்கம் யோசிப்பார். முடிந்தால் டெக்கா போன்ற ஸ்டீராய்டு ஊசிக்கு முன்பே இந்த ரத்தத்தை எடுக்கச் சொல்லுங்கள். ஊசி போட்ட சில மணி நேரத்தில் ஈசினோஃபில் சரிந்துவிடும், அப்புறம் தாள் நார்மலாகத் தெரியும்.

வாய்ப்புண், கண் சிவப்பு, தோலில் கொப்புளம் அல்லது தோல் உரிதல் இருந்தால் லேபுக்கு வராதீர்கள், நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காசைக் கொட்ட வேண்டாதவை

வலி மாத்திரைகளுக்கான ஐஜிஇ பேனல், ஆரம்பத்தில் சொன்ன அந்த அம்மாவின் ரிப்போர்ட். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், பாராசிட்டமால் என்று பட்டியல் போட்டுத் தருகிறார்கள். நம்பத் தகுந்ததாக உறுதி செய்யப்பட்ட ஐஜிஇ பரிசோதனை இவற்றுக்கு இல்லை. இதில் வரும் நெகட்டிவ்தான் எனக்குப் பயம். பாசிட்டிவ் வந்தால் ஒரு மாத்திரையை வீணாக ஒதுக்குவார்கள், நெகட்டிவ் வந்தால் திரும்பப் போட்டுவிடுவார்கள்.

மொத்த ஐஜிஇ அளவும் வேண்டாம். தூசி அலர்ஜி, குடல்புழு என்று எதற்கும் அது ஏறும். ஈசினோஃபில் கூடியிருப்பதும் அப்படித்தான், தனியாக அதை வைத்து வலி மாத்திரை அலர்ஜி என்று சொல்ல முடியாது.

பேசோஃபில் தூண்டல் பரிசோதனை பற்றி இணையத்தில் படித்துவிட்டுக் கேட்கிறவர்கள் உண்டு. உங்கள் ரத்தத்தில் உள்ள பேசோஃபில் என்ற வெள்ளையணுக்களோடு மருந்தைச் சேர்த்து, செல்லின் மேல் சிடி63 என்ற அடையாளம் வெளிவருகிறதா என்று ஃபுளோ சைட்டோமீட்டர் என்ற கருவியில் பார்ப்பார்கள். உயிருள்ள செல் வேண்டும் என்பதால் ரத்தத்தை 24 மணி நேரத்துக்குள் சோதித்தாக வேண்டும், குளிரில் உறையவைக்கக் கூடாது. புரோபிஃபெனசோன், அனால்ஜின் வகையில் ஒரு மருந்து மட்டும் ஆகாதவர்களுக்கு இது ஓரளவு உதவுகிறது. ஆஸ்பிரின் போன்றவற்றிலோ மருந்தின் அளவைக் கூட்டினால் ஒரு தொல்லையும் இல்லாதவர்களின் செல்லும் தூண்டப்படுவதுண்டு. தாமதத் தடிப்புக்கான லிம்ஃபோசைட் பரிசோதனையும் ஆராய்ச்சிக் கூடங்களில்தான் அதிகம் நடக்கிறது. டாக்டரே கேட்டால் எடுங்கள், நீங்களாகத் தேடிப் போக வேண்டாம்.

ரத்தம் முடிந்த பிறகு

நான்கு முதல் ஆறு வாரம் கழித்து, குறிப்பு, மாத்திரை அட்டையின் படம், டிரிப்டேஸ் தாள்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு அலர்ஜி பார்க்கும் டாக்டரிடம் போங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவிலோ நெஞ்சுப் பிரிவிலோ கேட்டால் வழி சொல்வார்கள். முடிவான பதிலைத் தருவது மருந்து கொடுத்துப் பார்க்கும் சோதனைதான். மிகச் சிறிய அளவில் ஆரம்பித்து, இடைவெளி விட்டு ஏற்றி, பக்கத்திலேயே அட்ரினலினும் ஆக்சிஜனும் வைத்துக்கொண்டு செய்வார்கள். பல நேரம் உங்களுக்கு ஆகாத மாத்திரையைக் கொடுக்காமல் ஆஸ்பிரினைக் கொடுத்துப் பார்ப்பார்கள். ஆஸ்பிரின் ஒத்துக்கொண்டால் நீங்கள் ஒற்றை மருந்துக் கூட்டம், அந்த மருந்தையும் அதன் சொந்தத்தையும் மட்டும் விட்டால் போதும். டைக்ளோஃபெனாக் ஆகாதவர் அசெக்ளோஃபெனாக்கையும் தொடக்கூடாது என்பது இந்தச் சொந்தக் கணக்கில் வரும். ஆஸ்பிரினும் ஆகவில்லை என்றால் ஈட்டோரிகாக்சிப், செலிகாக்சிப் போன்ற வேறு வகை வலி மாத்திரைகளை அதே முறையில் கொடுத்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள்.

பாராசிட்டமால் 500 மில்லிகிராம் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். ஒரே நேரத்தில் 1000-க்குப் போனால் எல்லா வலி மாத்திரையும் ஆகாதவர்களில் சிலருக்குத் தொல்லை வருகிறது. இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரின் கட்டாயம் வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு, ஆஸ்பத்திரியில் வைத்துச் சிறுகச் சிறுகக் கொடுத்துப் பழக்கும் முறையும் இருக்கிறது.

இந்தச் சோதனையை வீட்டில் கால் மாத்திரை, அரை மாத்திரை என்று உடைத்துப் போட்டுப் பார்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். டிரெஸ் வந்தவர்கள், தோல் உரிந்தவர்களுக்கு அந்த மருந்தை ஆஸ்பத்திரியில்கூடக் கொடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

டாக்டர் முடிவு சொன்னதும் ஒரு சின்ன அட்டையில் ஆகாத மருந்தின் வேதிப் பெயர், ஒத்துக்கொள்ளும் மருந்தின் பெயர் இரண்டையும் எழுதி வாங்கி, பர்ஸில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக வையுங்கள். கம்பெனிப் பெயரை மட்டும் எழுதினால் வேறு கம்பெனி மாத்திரையில் அதே மருந்து வந்துவிடும். பல் பிடுங்கப் போனாலும் கண்புரை ஆபரேஷனுக்குப் போனாலும் அட்டையைக் காட்டுங்கள். கண்ணில் விடும் கீட்டோரோலாக் சொட்டும், மூட்டில் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லும் இதே மருந்துகள்தான். அப்படியே 1800 180 3024 என்ற இலவச எண்ணில், மருந்தின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் தேசியத் திட்டத்துக்கு நடந்ததைச் சொல்லிவிடுங்கள். நோயாளியே நேரடியாகச் சொல்லலாம், டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை.